இடையூறே விடையான கதை



2021-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தை நம்மில் எவரும் எளிதில் மறக்க இயலாது. கொரோனாவின் இரண்டாம் அலை ஊரூராய்ப் பரவிய அந்நாட்களில், நம் இல்லங்களில் ஒரு புதிய பொருள் குடிபுகுந்தது. துணி காயப்போடும் கிளிப்பைப் போன்ற அமைப்பு. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய உருவம். விரலை நுழைத்தால் உள்ளே சிவந்த ஒளி தோன்றும். சில விநாடிகளில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று நாடித்துடிப்பு, மற்றொன்று இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு. அதற்கு முன் அக்கருவியின் பெயரையே கேட்டறியாத பாட்டிமார்கூட, "இன்றைக்கு எத்தனை? 96-ஆ, 97-ஆ?" என்று பேரப்பிள்ளைகளைக் கேட்கும் நிலை வந்தது. நோயுற்றிருந்த குடும்பங்களைத் தொலைபேசியில் நலம் விசாரித்த நாமும், வேறெதையும் கேட்குமுன் அந்த எண்ணைத்தான் கேட்டோம்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. மூச்சுத் திணறல் ஏதும் தோன்றாமலே இரத்தத்தின் பிராணவாயு மெல்ல மெல்லக் குறைந்துபோகும் விபரீதம் அந்நோயில் உண்டு. சிலர் கட்டிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். முகத்தில் பெரிய வாட்டமும் இராது. ஆனால் கருவியோ 94-க்கும் கீழே காட்டும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பிழைத்தவர்கள் பலர். "உடம்புக்கு ஒன்றுமில்லை" என்று தயங்கித் தயங்கிக் காலம் தாழ்த்தியவர்களின் இல்லங்களில் நடந்ததையும் நாம் கண்டோம்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்னும் இச்சிறு கருவியின் அடிப்படைத் தத்துவத்தைக் கண்டறிந்தவர் யார்? அதை அவர் எவ்வாறு கண்டறிந்தார்? இம்மாதம் இவ்விரு கேள்விகளையும் சிறிது விரிவாகக் காண விழைகிறோம். அவர் தேடிப் போனது ஒன்று, கண்டடைந்தது மற்றொன்று. அதற்கு வழிகாட்டியதோ, அவருடைய வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்த ஓர் இடையூறு.

கண்ணை ஏமாற்றும் ஆபத்து

நாம் உட்கொள்ளும் காற்றிலுள்ள பிராணவாயுவைச் சுமந்து சென்று உடலெங்கும் சேர்ப்பது, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள். பிராணவாயுவைத் தாங்கியிருக்கும்போது இரத்தம் செக்கச்செவேலென்றிருக்கும். அதை இழந்தபின் கருஞ்சிவப்பாக மாறும். ஆகவேதான் மருத்துவர்கள் நெடுங்காலமாக நோயாளியின் உதடுகளையும் நகங்களையும் உற்றுநோக்கி, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்து வந்தார்கள்.

ஆயினும் மனிதக் கண் இவ்விஷயத்தில் நம்பத்தக்க சாட்சியன்று. 1947-இல் அமெரிக்காவில் காம்ரோ, பொடெல்ஹோ என்னும் இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிராணவாயுவின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 80 என்ற நிலைக்கு இறங்கும்வரை, பார்வையாளர்களில் பெரும்பாலோரால் நீலநிறத்தை உறுதியாகக் கண்டுகொள்ள முடியவில்லை! மூளைக்குச் செல்லும் பிராணவாயு தடைப்படுமானால், மீளமுடியாத கேடு விளையச் சில நிமிடங்களே போதும். அறுவை மேசையில் மயக்க மருந்தின் பிடியில் கிடப்பவரோ, "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று சொல்லவும் இயலாதவர். குழாய் நழுவினாலும், வாயு வருவது தடைப்பட்டாலும், அவருக்காகப் பேச எவரும் இல்லை. தமனியில் ஊசி செலுத்தி இரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் விடை வருவதற்குள் நிலைமை மாறியிருக்கும்.

ஒளியைக் கொண்டு இதை அளந்தறியும் முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. ஜெர்மனியில் கார்ல் மத்தேஸ் என்பவர் 1935-இல் காதுமடல் வழியே ஒளியைச் செலுத்தி அளந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, உயரே பறக்கும் விமானிகளுக்காக அமெரிக்காவின் கிளென் மில்லிகன் ஒரு காதுக் கருவியை அமைத்து, அதற்கு 'ஆக்ஸிமீட்டர்' என்று பெயரிட்டார். ஆனால் எல்லாரையும் ஒரே சிக்கல் வாட்டியது. காதுமடலில் இரத்தம் மட்டுமா இருக்கிறது? தோலும் தசையும் இருக்கின்றன; தமனி இரத்தத்தோடு சிரை இரத்தமும் இருக்கிறது. ஒருவருடைய காது தடித்தது, மற்றவருடையது மெலிந்தது. இவையனைத்தும் ஒளியைத் தடுக்கும்போது, தமனி இரத்தம் தடுத்த பங்கை மட்டும் பிரித்தெடுப்பது எங்ஙனம்? காதைப் பிழிந்து இரத்தத்தை வெளியேற்றிவிட்டு முதலில் ஓர் அளவு எடுத்தார்கள். காதைச் சூடாக்கிப் பார்த்தார்கள். எட்டு வகை ஒளிகளைப் பயன்படுத்தும் பெரிய இயந்திரமும் பிற்காலத்தில் வந்தது. அது எடையிலும் பெரிது, விலையிலும் பெரிது.

தேடியது வேறு

ஜப்பான் நாட்டின் நீகாட்டா மாநிலத்தில் 1936-இல் பிறந்தவர் தக்குவோ அவோயாகி. நீகாட்டா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார். கியோட்டோ நகரின் ஷிமாட்சு நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். 1971-இல் மருத்துவக் கருவிகள் செய்யும் நிஹோன் கோடன் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனத்தை 1951-இல் தோற்றுவித்த யோஷியோ ஓகினோ தாமே ஒரு மருத்துவர். திறமை மிக்க மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாளில் காணக்கூடிய நோயாளிகள் ஓர் எல்லைக்கு உட்பட்டவர்களே; நல்ல மருத்துவக் கருவியோ எண்ணற்றோருக்குப் பயன்படும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அவோயாகியின் வாழ்வு இக்கருத்துக்கு விளக்கவுரை எனலாம்.

அவர் முதலில் அளக்க முயன்றது பிராணவாயுவை அன்று. இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதையே. அதற்கு அக்காலத்தில் ஒரு முறை இருந்தது. சிரையில் ஒரு சாயத்தைச் செலுத்துவார்கள். அது இரத்தத்தோடு கலந்து ஓடும். தமனி இரத்தத்தில் சாயத்தின் செறிவு எவ்வாறு ஏறி, எவ்வாறு இறங்குகிறது என்று வரைபடம் வரைந்தால், இதயத்தின் உழைப்பைக் கணக்கிடலாம். ஆனால் அதற்காகத் தமனியிலிருந்து தொடர்ந்து இரத்தம் எடுக்கவேண்டும். நோயாளியை இவ்வாறு துன்புறுத்தாமல், காதுமடலில் ஒளியைப் பாய்ச்சியே சாயத்தின் அளவை அறியலாகாதா என்று எண்ணினார் அவோயாகி.

கருவி அமைந்தது, ஒரு தொல்லையும் உடன் வந்தது. வழுவழுப்பாக இறங்கவேண்டிய வரைகோடு, அலையலையாக ஏறியிறங்கியது. காரணம் நாடித்துடிப்பு. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் காதின் நுண்தமனிகளில் இரத்தம் பாய்கிறது. அக்கணம் ஒளி சற்று அதிகமாகத் தடுக்கப்படுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தால், வரைகோட்டின் இறுதிப் பகுதியைச் சரியாகக் கணிக்க முடியாமற் போயிற்று.

இதை நீக்க அவர் ஓர் உபாயம் செய்தார். சாயம் உறிஞ்சும் ஒளி ஒன்று, சாயம் உறிஞ்சாத அகச்சிவப்பு ஒளி ஒன்று என இரண்டையும் செலுத்தினார். நாடித்துடிப்பு இரண்டு ஒளிகளிலும் தோன்றும். ஆகவே ஒன்றைக்கொண்டு மற்றொன்றிலுள்ள அலையைக் கழித்துவிடலாம் அல்லவா? அலைகள் மறைந்தன. ஆனால் முற்றிலும் மறையவில்லை. இரத்தத்தின் பிராணவாயு அளவு மாறியபோதெல்லாம், மறைந்த அலைகள் மீண்டும் தலைகாட்டின!

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். நாம் மாணவராய் இருந்த காலத்தில், ஆய்வுக்கூடத்தில் ஊசல் குண்டை ஆட்டி நேரம் கணிப்போம். கிடைத்த விடை பாடநூலின் விடையோடு பொருந்தாது. உடனே என்ன செய்வோம்? பாடநூலின் விடை வரும்படி எண்களைத் திருத்தி, பதிவேட்டில் அழகாக எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுவோம். இன்றைய பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள் என்பதை அவர்களுடைய பெற்றோர் அறிவார்கள். ஏனெனில் அவர்களும் அதையே செய்தவர்கள். பொருந்தாத அந்த எண் நமக்கு என்ன சொல்ல வந்தது என்று நாம் கேட்டதே இல்லை.

அவோயாகி கேட்டார். பிராணவாயு மாறும்போதுதான் அலைகள் திரும்பி வருகின்றன என்றால், அந்த அலைகளுக்குள் பிராணவாயுவின் அளவு அடங்கியிருக்கவேண்டும் அல்லவா? இதயத்தின் உழைப்பை அளக்கவிடாமல் தடுத்த அதே நாடித்துடிப்பு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்களை அலைக்கழித்த வேறொரு புதிருக்கு விடையாக நின்றது. இது 1972-இல் நிகழ்ந்தது.

எழுந்து அமர்பவர் யார்?

இதன் தத்துவத்தை எளிய உவமையால் விளக்குவோம். ஒரு கூடத்தில் நூறு பேர் நெருங்கி அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரை மட்டும் நீங்கள் அடையாளம் காணவேண்டும். எல்லாரும் அசையாதிருந்தால் அது கடினம். ஆனால் அந்த ஒருவர் மட்டும் விட்டுவிட்டு எழுந்து அமர்ந்துகொண்டிருந்தால்? மற்றவரைப் பற்றிக் கவலையே இல்லை. எழுந்து அமர்பவரை மட்டும் பார்த்தாற் போதும்.

விரலிலும் அவ்வாறே. தோலும் எலும்பும் தசையும் சிரை இரத்தமும் ஏறக்குறைய மாறாத அளவில் ஒளியைத் தடுக்கின்றன. இதயத் துடிப்போடு சேர்ந்து ஏறியிறங்குவது தமனி இரத்தம் ஒன்றே. ஆகவே வந்துசேரும் ஒளியில் மாறாத பகுதியை ஒதுக்கி, துடிக்கும் பகுதியை மட்டும் கணக்கில் கொண்டால், தமனி இரத்தம் தனியே பிரிந்துவிடுகிறது. காதைப் பிழியவும் வேண்டா, சூடாக்கவும் வேண்டா.

இனி இரண்டு ஒளிகள் எதற்கு? பிராணவாயுவை இழந்த ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை மிகுதியாக உறிஞ்சும். பிராணவாயுவைத் தாங்கியதோ அகச்சிவப்பு ஒளியைச் சற்று மிகுதியாக உறிஞ்சும். இன்றைய கருவிகளில் பெரும்பாலும் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியும், 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியும் மாறிமாறிச் செல்லுகின்றன. இரண்டிலும் துடிக்கும் பகுதிகளின் விகிதத்தைக் கண்டால், நூற்றுக்கு எத்தனை பங்கு ஹீமோகுளோபின் பிராணவாயுவைத் தாங்கியிருக்கிறது என்பது புலனாகும். நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, கதையில் பாதிதான். மறுபாதியைக் கூறும் ஒளி நமக்குத் தெரிவதே இல்லை.

மறக்கப்பட்டவரும் நினைக்கப்பட்டவரும்

அவோயாகியும் அவருடைய உடன்பணியாளர் மிச்சியோ கிஷியும் இக்கண்டுபிடிப்புக்கு 1974 மார்ச் 29 அன்று ஜப்பானில் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். வியப்பு என்னவெனில், மினோல்டா என்னும் மற்றொரு நிறுவனமும் தன்னிச்சையாக இதே கருத்தை எட்டி, ஒரு மாதத்திற்குள் தானும் விண்ணப்பித்தது. 1975-இல் நிஹோன் கோடனின் முதற்கருவி வெளிவந்தது. காதில் பொருத்துவது அது. சப்போரோ நகரின் அறுவை மருத்துவர் சுசுமு நாக்காஜிமா அதனை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்.

இத்தகைய கண்டுபிடிப்பு உடனே உலகெங்கும் பரவியிருக்கும் என்று நாம் எண்ணுவோம். நடந்தது அதுவன்று. நிறுவனத்தில் பொறுப்புகள் மாறின, அம்முயற்சி நின்றது, அவோயாகி வேறு பணிக்குச் சென்றார். கடல் கடந்த அமெரிக்காவிலோ, மின்விளக்குக்குப் பதிலாக ஒளி உமிழும் சிறு டையோடுகளைப் பொருத்திக் கருவியைச் சிறிதாக்கினார்கள். வில்லியம் நியூ என்னும் மயக்கவியல் மருத்துவரைத் தோற்றுநராகக் கொண்ட நெல்கோர் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட கருவி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஒலி எழுப்பியது. பிராணவாயு குறையக் குறைய அவ்வொலியின் சுருதியும் இறங்கியது. மருத்துவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் செவி அவரை எச்சரிக்கும். 1990 முதல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் இக்கருவியைக் கட்டாயமாக்கிற்று. ஆனால் தத்துவத்தைக் கண்டவரின் பெயரோ ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலோருக்குத் தெரியாமல் இருந்தது.

அதை வெளிப்படுத்தியவர் கலிபோர்னியாவின் ஜான் செவரிங்ஹவுஸ். இரத்த வாயுக்களை அளக்கும் துறையில் தாமே பெரும் புகழ் பெற்றவர். அவரும் ஜப்பானியரான ஹோண்டாவும் 1987-இல் வெளியிட்ட வரலாற்றுக் கட்டுரை, அவோயாகிக்குரிய பெருமையை அவருக்கே அளித்தது. ஒரு துறையின் மூத்தவர், அறியப்படாத இன்னொருவரின் உரிமையை எடுத்துரைக்கத் தம் நேரத்தைச் செலவிட்டார் என்பது நம் நெஞ்சைத் தொடுகிறது.

அவோயாகி மீண்டும் தம் ஆய்வுக்குத் திரும்பினார். 1993-இல், 57-ஆம் வயதில், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். முதலில் எதைத் தேடிப் புறப்பட்டாரோ அதையும் அவர் கைவிடவில்லை. ஊசியால் தமனியிலிருந்து இரத்தம் எடுக்காமல், நாடித்துடிப்பின் துணைகொண்டே சாயத்தை அளந்து இதயத்தின் உழைப்பைக் கணிக்கும் முறையைப் பற்றி, அவரும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் கட்டுரை வெளியிட்டனர். கால் நூற்றாண்டுக்குப் பின், தொல்லை கொடுத்த அந்நாடியே அவரைத் தொடங்கிய இடத்தில் கொண்டு சேர்த்தது! 2015-இல் மின்-மின்னணுப் பொறியாளர்களின் உலகளாவிய கழகம், மருத்துவத் தொழில்நுட்பத்திற்கான பதக்கத்தை அவருக்கு வழங்கிற்று.

2020 ஏப்ரல் 18 அன்று, 84-ஆம் வயதில் அவர் காலமானார். பெருந்தொற்று உலகைச் சூழ்ந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் மறைந்த அந்த மாதங்களில்தான் அவருடைய கருவி மருத்துவமனையைத் தாண்டி வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்தது.

முடியாத பணி

இக்கருவி பிழையே செய்யாது என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஒளியின் விகிதத்தைப் பிராணவாயுவின் அளவாக மாற்றும் கணக்கு, உடல்நலமுள்ள தன்னார்வலர்களிடம் சோதித்துப் பெற்றது. அவர்களுள் கருநிறத் தோலுடையோர் போதிய அளவில் இருந்தார்களா? 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நிலையில், இரத்தப் பரிசோதனையில் 88-க்கும் குறைவாக இருந்தோர், வெள்ளையரிடையே நூற்றுக்கு 3.6, கறுப்பினத்தவரிடையே 11.7. அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு! வெவ்வேறு தோல் நிறமுடையோரிடம் கருவிகளை இன்னும் விரிவாகச் சோதிக்கவேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் வரைவு நெறிமுறை வெளியிட்டது.

இது தொலைதூரத்து விவகாரம் அன்று. கருத்த தோல் நம்மவரில் பலருக்கு உண்டு. ஆகவே நம் இல்லங்களில் அலமாரிக்குள் கிடக்கும் கருவியைப் பயன்படுத்துவோர் சிலவற்றை மனத்திற்கொள்வது நலம். நகப்பூச்சை அழித்துவிட்டு விரலை வைக்கவேண்டும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடேற்றிக்கொள்ளவேண்டும். அசையாமல் அமர்ந்து, எண் நிலைபெறும்வரை பொறுத்திருக்கவேண்டும். அடுப்புப் புகையோ வண்டிப் புகையோ மூடிய அறையில் சூழ்ந்து ஒருவர் மயங்கினால், கருவி காட்டும் நல்ல எண்ணை நம்பவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு ஏறிய இரத்தத்தை, பிராணவாயு ஏறிய இரத்தம் என்றே இக்கருவி தவறாகக் கொள்ளும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு முறை காட்டிய எண்ணைவிட, அது நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதே முக்கியம். எண் நன்றாயிருந்தும் நோயாளி சோர்ந்து துவண்டால், நோயாளியை நம்புங்கள். எண்ணை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

வேறொரு குறையும் உண்டு. உலகெங்கும் ஏறத்தாழ 77,000 அறுவை அரங்குகளில் இக்கருவி இல்லை என 2010-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாம் மருந்துக்கடையில் வாங்கி மறந்துபோன பொருள், ஏழை நாடொன்றில் பிரசவ அறுவைக்காகப் படுத்திருந்த தாய்க்குக் கிட்டாமல் இருந்தது. நல்ல கருவி எண்ணற்றோருக்குப் பயன்படும் என்ற ஓகினோவின் கருத்து, அது அவர்களைச் சென்றடைந்தால்தான் மெய்யாகும்.

அன்புக்குரியவர்களே, பொருந்தாத ஓர் எண்ணை அழித்துவிடாமல் உற்றுநோக்கியதால் இக்கருவி பிறந்தது. கருநிறத் தோலில் அது காட்டும் பொருந்தாத எண்ணையும் அதே கவனத்தோடு நோக்கினால்தான் இதன் குறை தீரும். ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் மகனோ மகளோ ஆய்வுக்கூடப் பதிவேட்டோடு வந்து, "அம்மா, எனக்கு விடை வேறாக வருகிறதே" என்று சொன்னால், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பதிவேட்டை வாங்கிப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள். "ஏன் வேறாக வந்தது?" என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். மதிப்பெண் ஒன்றிரண்டு குறைந்தாலும் குறையட்டும்.